இரண்டு பக்கமும் இரண்டு வந்தால் போதுமா?

உயர்தர இணைந்த கணித மாணவர்களின் கொப்பிகளில் ஒரு வகை விடையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். சார்பு ஒன்று இரண்டு துண்டுகளாகத் தரப்பட்டிருக்கும். அத்துண்டுகள் சந்திக்கும் இடத்தில், அதாவது 1 இல், அது வகையிடத்தக்கதா, அதாவது அங்கே அதற்குப் பெறுதி உண்டா, என்று கேட்கப்பட்டிருக்கும். மாணவர் முதல் துண்டை வகையிட்டு, 1 ஐப் பிரதியிட்டு, 2 என்று எழுதுவார். இரண்டாம் துண்டையும் வகையிட்டு, மறுபடியும் 1 ஐப் பிரதியிட்டு, மறுபடியும் 2 என்று எழுதுவார். பின்பு "ஆகவே வகையிடத்தக்கது" என்று முடித்து, அடிமட்டம் வைத்து அதன் கீழே இரட்டைக் கோடும் இழுத்துவிடுவார். கிளிநொச்சியில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு இந்த இரட்டைக் கோடு நன்கு பழகியது. அவ்விடை சில வேளைகளில் சரியாக இருக்கும், சில வேளைகளில் முழுவதும் பிழையாக இருக்கும். இரண்டு சந்தர்ப்பங்களிலும் மாணவர் செய்த வேலை ஒன்றேதான் என்பதுதான் எனக்குக் கவலை தருவது.

கைத்தொலைபேசித் திரையில் கணிதக் குறியீடுகள் சிதைந்துவிடுவதால், இங்கே மாறியை ய என்றும் சார்பை ச(ய) என்றும் அதன் பெறுதியை ச′(ய) என்றும் எழுதுகிறேன். ய ஆனது 1 ஆகவோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ச(ய) = ய² என்றும், 1 ஐ விடக் கூடும்போது ச(ய) = 2ய + 5 என்றும் கொள்வோம். முதல் துண்டின் பெறுதி 2ய. 1 இல் அது 2. இரண்டாம் துண்டின் பெறுதி எங்கும் 2. மேற்சொன்ன முறைப்படி இச்சார்பு 1 இல் வகையிடத்தக்கதாகிவிடுகிறது. ஆனால் வரைபை வரைந்தால், பரவளைவு (1, 1) என்ற புள்ளியில் முடிய, நேர்கோடு (1, 7) இன் வாசலிலிருந்து புறப்படுகிறது. நடுவே ஆறு அலகு உயரத்துக்கு ஒன்றுமே இல்லை.

"சேர், ரெண்டு பக்கமும் ரெண்டுதானே வருது, பிறகென்ன?" என்று ஒரு மாணவி கேட்டார்.

"அந்தக் கோடு எந்தப் புள்ளியிலயிருந்து வெளிக்கிடுது பிள்ளை?"

"ஒண்டு, ஏழு."

"அப்ப, ஒண்டிலை சார்பின்ர பெறுமானம்?"

"ஒண்டு... ஓ."

அந்த "ஓ" வுடன் வேலை முடிந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முடியவில்லை. வரைபில் இடைவெளி இருப்பதைக் கண்டுகொள்வது ஒன்று. அவ்விடைவெளி பெறுதியை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கண்டுகொள்வது வேறொன்று. அதற்கு வரைவிலக்கணத்துக்குப் போயே ஆகவேண்டும். 1 இல் பெறுதி என்பது, ச(ய) இலிருந்து ச(1) ஐக் கழித்து, அதை ய − 1 ஆல் வகுத்து, ய ஐ 1 இடம் நெருங்கவிடும்போது கிடைக்கும் எல்லை. வலப்பக்கத்திலிருந்து நெருங்கினால் அந்த ஈவு (இதை வித்தியாச ஈவு என்பர்) (2ய + 5 − 1)/(ய − 1), அதாவது (2ய + 4)/(ய − 1). ய = 1.1 எனில் 62, 1.01 எனில் 602, 1.001 எனில் 6002. எல்லை எதுவும் இல்லை. மாணவி எழுதிய 2 என்பது அந்தக் கோட்டின் படித்திறன், அதாவது சாய்வு. கோடோ 1 க்கு வலப்பக்கத்தில்தான் சார்புக்குச் சொந்தம், 1 இல் சொந்தமல்ல. வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டியதை அயலாரிடம் விசாரித்து எழுதிக்கொண்ட கணக்குத்தான் இது. அயலார் சொன்னது பொய்யல்ல, ஆனால் அது அவர்களைப் பற்றிய செய்தி.

இந்தப் பலவீனம் பரீட்சைப் பயிற்சிகளில் வெளியே தெரிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வழக்கமான வினாவில் இரண்டு மாறிலிகள் இருக்கும். உதாரணமாக, ய ஆனது 2 ஐ விடக் கூடாதபோது ச(ய) = கய² + 1, கூடும்போது ச(ய) = 3ய + ம; இச்சார்பு 2 இல் வகையிடத்தக்கதெனின் க, ம ஆகியவற்றைக் காண்க. பெறுதிகளைச் சமப்படுத்தினால் 4க = 3, ஆகவே க = 3/4. ம ஐக் காண இன்னொரு சமன்பாடு வேண்டும் என்பதால் மாணவர் தொடர்ச்சியைத் தேடிப் போகிறார்: 4க + 1 = 6 + ம, ஆகவே ம = −2. விடை சரி, புள்ளியும் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் அவர் தொடர்ச்சியைப் பயன்படுத்தியது அது தேவை என்று அறிந்தா, அல்லது கணியம் இரண்டுக்குச் சமன்பாடு இரண்டு வேண்டும் என்ற பழக்கத்தாலா என்பதை அந்த விடை காட்டாது. ஆகவே மாறிலி எதுவுமே இல்லாத வினாவைத்தான் நான் முதலில் கொடுப்பேன்.

தொடர்ச்சியைப் பேனை எடுக்காமல் வரையக்கூடிய வரைபு என்று சொல்லிக் கொடுப்பது எங்கும் வழக்கம். முதல் நாளுக்கு அது உதவும், இரண்டாம் நாளிலிருந்து இடைஞ்சல் செய்யும். 1/ய என்ற சார்பின் வரைபை வரையப் பேனையை எடுத்தே ஆகவேண்டும். ஆயினும் அதன் ஆட்சியில், அதாவது அது வரையறுக்கப்பட்ட இடத்தில், உள்ள ஒவ்வொரு புள்ளியிலும் அது தொடர்ச்சியானது, ஏனெனில் 0 அதன் ஆட்சியிலேயே இல்லை. மறுபக்கம், ய·சைன்(1/ய) என்ற சார்புக்கு 0 இல் 0 என்ற பெறுமானத்தைக் கொடுத்தால் அது எங்கும் தொடர்ச்சியானது. ஆனால் 0 ஐச் சூழ்ந்து அது முடிவின்றி அலைவதால் எந்தப் பேனையாலும் அதை வரைந்து முடிக்க இயலாது. நம்பத்தக்கது வரைவிலக்கணம் மட்டுமே: புள்ளியில் சார்புக்குப் பெறுமானம் இருக்கவேண்டும், அப்புள்ளியில் எல்லை இருக்கவேண்டும், இரண்டும் சமமாக இருக்கவேண்டும். கணிதவியலாளர்களான பொல்சானோ 1817 இலும் கோசி 1821 இலும் சொன்ன கருத்தின் சாரம் இதுவே.

வகையிடத்தக்க சார்பு தொடர்ச்சியானதாகவே இருக்கும் என்பதற்கான நிறுவல் ஒரே வரி. ச(ய) − ச(அ) என்பதை [(ச(ய) − ச(அ))/(ய − அ)] × (ய − அ) என்று எழுதுக. ய ஆனது அ ஐ நெருங்க, முதற்காரணி ச′(அ) ஐயும் இரண்டாங்காரணி 0 ஐயும் நெருங்குவதால், பெருக்கம் 0 ஐ நெருங்கும். வகுத்துப் பெருக்கினோம், வேறொன்றும் செய்யவில்லை. உயர்தரக் கணிதத்தில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் முக்கியமான தேற்றம் வேறொன்று இருக்குமோ தெரியாது. இடைவெளியுள்ள சார்பைக் கண்டால், பெறுதியைப் பற்றிப் பேசவேண்டிய தேவையே இல்லாமல் வினாவை அந்த இடத்திலேயே முடித்துவிடலாம்.

மறுதலை உண்மையல்ல என்பதற்கு எல்லாரும் மட்டுச் சார்பை, அதாவது |ய| ஐ, உதாரணமாகத் தருவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைத் தருகிறேன். வகுப்புக்கு வருபவர்களில் பலரின் வீடுகள் அந்தக் குளத்து நீரில் வயல் செய்பவை. துருசு (மதகு) திறப்பதும் குளம் நிரம்பி வான் பாய்வதும் அவர்களுக்குப் பாடநூலில் படித்துத் தெரியவேண்டிய விடயங்கள் அல்ல. நீர்மட்டத்தை நேரத்தின் சார்பாக எடுத்துக்கொள்வோம். மழையில்லாத சிறுபோகக் காலம். ஆவியாதலையும் கசிவையும் புறக்கணித்தால் மட்டம் 30 அடியில் அசையாமல் நிற்கிறது. நேரம் 0 இல் துருசைத் திறக்கிறார்கள். அதன்பின் மட்டம் மணித்தியாலத்துக்கு நூற்றில் ஒரு பங்கு அடி வீதம் இறங்குகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். திறந்த அந்தக் கணத்தில் மட்டம் 30 இலிருந்து 29 க்குத் தாவிவிட முடியாது. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் மட்டம் சடுதியாகத் தாவவேண்டுமானால் கணப்பொழுதில் முடிவிலி வீதத்தில் நீர் வெளியேற வேண்டும். ஆகவே மட்டம் தொடர்ச்சியானது. ஆனால் மட்டம் மாறும் வீதம் என்பது, வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நீர்ப்பரப்பால் வகுத்து வருவது. வெளியேற்றம் தாவினால் வீதமும் தாவும். 0 இல் இடப்பக்கப் பெறுதி 0, வலப்பக்கப் பெறுதி −1/100. வரைபில் மூலை விழுந்துவிட்டது.

நல்ல மாணவர் ஒருவர் இங்கே ஆட்சேபிப்பார், ஆட்சேபிக்கவும் வேண்டும்: கதவு ஒரு கணத்தில் திறப்பதில்லை, சுற்றிச் சுற்றி உயர்த்தச் சில நிமிடங்கள் செல்லும், அந்நிமிடங்களில் வெளியேற்றம் படிப்படியாகத்தானே கூடும்? சரிதான். நேரத்தை நாட்களில் குறித்த வரைபில் மூலையாகத் தெரிவது, செக்கன்களில் குறித்த வரைபில் மெல்லிய வளைவாக இருக்கும். எந்த மாதிரியை எடுப்பது என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. மாதிரியை எடுத்தபின் அது வகையிடத்தக்கதா என்பது நம் விருப்பத்தைப் பொறுத்ததல்ல.

இதனுடன் சேர்ந்த இன்னொரு மூலையையும் பிரித்துக் காட்டவேண்டும். மாரியில் வான்கதவுகள் திறக்கும் நாட்களில், முழுக்கொள்ளளவான 36 அடியை மட்டம் நெருங்குவதைச் செய்திகள் நாளுக்கு நாள் அறிவிக்கும். அந்த இலக்கங்களை வரைபுத்தாளில் குறித்துவரச் சொன்னால், பிள்ளைகள் புள்ளிகளை அடிமட்டத்தால் இணைத்துக்கொண்டு வருவார்கள்; ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மூலை இருக்கும். அந்த மூலைகளைக் குளம் அறியாது. இரண்டு வாசிப்புகளுக்கு இடையில் என்ன நடந்தது என்று தெரியாத நாம் நேர்கோட்டை இட்டு நிரப்பியதால் வந்தவை அவை. வாசிப்புங்கூடத் துல்லியமானதல்ல: காற்று வீசும் நாளில் நீரில் நாட்டிய அளவுகோலில் அலை ஏறி இறங்கும், அங்குலக் கோடு நனைந்து தெரியும், மறையும், வாசிப்பவர் நடுவே ஓரிடத்தை எடுத்துக்கொள்வார். தொடர்ச்சியும் வகையிடத்தக்க தன்மையும் சார்பைப் பற்றிய பேச்சு. அளவீடுகளின் பட்டியலுக்கு அவை இல்லை. பௌதிகச் செய்முறைக் கொப்பியில் வரைபு வரையும் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தால் புள்ளிகளை ஒவ்வொன்றாக முறித்து முறித்து இணைக்கமாட்டார்.

மூலையைக் கண்டு பழகியபின் அடுத்த பிழை வந்து சேரும். மட்டுக்குறி தென்பட்ட இடமெல்லாம் "வகையிடத்தக்கதல்ல" என்று எழுதத் தொடங்குவார்கள். ய·|ய| ஐ எடுத்துப் பாருங்கள். 0 இல் வித்தியாச ஈவு ய·|ய|/ய, அதாவது |ய|. அது 0 ஐ நெருங்குகிறது. பெறுதி உண்டு, அது 0. எல்லா இடத்துக்கும் சேர்த்து எழுதினால் பெறுதி 2|ய|. மூலை ஒரு படி கீழே இறங்கிப் பெறுதியில் போய் ஒளிந்திருக்கிறது. அதேபோல, மூலை இல்லாமலே பெறுதி இல்லாமற் போவதும் உண்டு. ய இன் கனமூலம் 0 இல் தொடர்ச்சியானது, வரைபு வழுவழுப்பாகச் செல்கிறது, தொடலியும் இருக்கிறது. ஆனால் அத்தொடலி நிலைக்குத்தானது, ஆகவே படித்திறனாக எழுத எண் எதுவும் இல்லை.

இனி, துண்டுகளை வகையிட்டுப் பெறுமானங்களை ஒப்பிடும் அந்தக் குறுக்குவழிக்கு வருகிறேன். அதை முற்றாகத் தடைசெய்யும் ஆசிரியர்களுடன் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஒரு நிபந்தனையுடன் அது செல்லுபடியானது. சார்பு அ இல் தொடர்ச்சியானதாக இருந்து, அ ஐச் சூழ்ந்த இடமெங்கும் வகையிடத்தக்கதாக இருந்து, ய ஆனது அ ஐ இரு பக்கத்திலிருந்தும் நெருங்கும்போது ச′(ய) ஒரே எல்லையை நெருங்குமானால், அந்த எல்லையே ச′(அ). காரணம் லக்ராஞ்சின் பெயரால் வழங்கும் சராசரிப் பெறுமானத் தேற்றம்: அ விலிருந்து ய வரை இழுத்த நாணின் படித்திறன், இடையில் எங்கோ ஒரு புள்ளியில் உள்ள தொடலியின் படித்திறனுக்குச் சமம். வித்தியாச ஈவு என்பது அந்த நாணின் படித்திறன்தான். ய ஆனது அ ஐ நெருங்கினால் இடைப்புள்ளியும் வேறு வழியின்றி அ ஐ நெருங்கும். அத்தேற்றத்துக்கு நாணின் இரு முனைகளிலும் தொடர்ச்சி வேண்டும். முதலில் சொன்ன சார்பில் முறிந்தது இந்த நிபந்தனைதான். ஆறு அலகு கீழே நின்ற புள்ளியிலிருந்து இழுத்த நாணுக்கும் மேலே போகும் கோட்டுக்கும் எந்த உறவும் இல்லை. இதே தேற்றத்தால், தொடர்ச்சி இருந்து, இருபக்க எல்லைகளும் இருந்து, அவை வேறுபட்டால், சார்பு வகையிடத்தக்கதல்ல என்றும் துணிந்து எழுதலாம். பெறுதி ஒருபோதும் தாவ முடியாது என்ற இக்கருத்தின் விரிந்த வடிவத்தை டார்பூ 1875 இல் நிறுவினார்.

ஆனால் ச′(ய) இன் எல்லையே இல்லாதபோது குறுக்குவழி வாய் திறக்காது. அதை "வகையிடத்தக்கதல்ல" என்று மொழிபெயர்த்துக்கொள்வது பெரும்பிழை. இதைப் பார்க்க ஒரு சார்புக் குடும்பம் மிக நன்றாக உதவும். 0 இல் பெறுமானம் 0 என்று வைத்து, சைன்(1/ய) ஐ ய இன் அடுக்குகளால் பெருக்கிக்கொண்டே போங்கள். எதனாலும் பெருக்காவிட்டால் 0 இல் தொடர்ச்சியே இல்லை. அங்கே வேறு எந்தப் பெறுமானத்தைக் கொடுத்தாலும் இல்லை. ய ஆல் பெருக்கினால் தொடர்ச்சி வருகிறது, ஆனால் வித்தியாச ஈவு மறுபடியும் சைன்(1/ய) ஆகிவிடுவதால் பெறுதி இல்லை. ய² ஆல் பெருக்கினால் வித்தியாச ஈவு ய·சைன்(1/ய); அது 0 ஐ நெருங்குவதால் ச′(0) = 0. இப்போது குறுக்குவழியைப் பிடியுங்கள்: 0 அல்லாத இடங்களில் ச′(ய) = 2ய·சைன்(1/ய) − கோசைன்(1/ய). முதலுறுப்பு அடங்கிப்போகிறது; இரண்டாமுறுப்பு −1 க்கும் 1 க்கும் இடையே ஓயாமல் ஆடுகிறது. எல்லை இல்லை, பெறுதியோ இருக்கிறது. ய³ ஆல் பெருக்கினால் பெறுதியும் தொடர்ச்சியாகிவிடும், ஆனால் அப்பெறுதியை 0 இல் மறுபடி வகையிட இயலாது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு நோயைத் தீர்த்து, அடுத்ததை மட்டும் விட்டுவைக்கிறது.

தொடர்ச்சி இருந்தால் ஒருசில தனிப்புள்ளிகள் நீங்கலாகப் பெறுதியும் இருக்கும் என்ற எண்ணம் மாணவருக்கு மட்டும் உரியதல்ல. பௌதிகத்தில் மின்னோட்டத்தின் அலகாக எல்லாரும் அறிந்த அம்பியர், அந்தப் பெயருக்குரிய அதே அறிஞர், 1806 இல் இதை நிறுவவே முயன்றார். பொல்சானோ 1830 அளவில் எதிருதாரணம் ஒன்றை அமைத்திருந்தும் அது கையெழுத்துப் பிரதியிலேயே கிடந்து இருபதாம் நூற்றாண்டில்தான் வெளிவந்தது. 1872 யூலை 18 அன்று ஜேர்மன் கணிதவியலாளர் வயர்ஸ்ட்ராஸ் பெர்லின் விஞ்ஞானக் கழகத்தில், எங்கும் தொடர்ச்சியான, ஆனால் எந்தப் புள்ளியிலும் வகையிடத்தகாத சார்பை முன்வைத்தார். கோசைன் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவதுதான் அதன் அமைப்பு: ஒவ்வோர் அலையும் முந்தியதைவிடக் குறித்த விகிதத்தில் குட்டையானது, குறித்த மடங்கு நெருக்கமானது. உயரம் ஒவ்வொரு முறையும் பாதியாகவும் நெருக்கம் 13 மடங்காகவும் போனால் அவருடைய நிபந்தனை நிறைவேறும். ஏனெனில் பாதியையும் 13 ஐயும் பெருக்கி வரும் 6.5, அவர் கேட்ட சுமார் 5.71 ஐத் தாண்டுகிறது. அவ்வளவு தேவையில்லை, பெருக்கம் 1 க்குக் குறையாதிருந்தாலே போதும் என்று ஹார்டி 1916 இல் காட்டினார். இத்தகைய சார்புகளைக் கண்டு எர்மீட் போன்ற பெரிய கணிதவியலாளரே 1893 இல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அருவருப்பைக் கொட்டியிருக்கிறார் என்றால், உயர்தர மாணவர் திகைப்பதில் வியப்பில்லை.

இடையில் ஒன்று. வயர்ஸ்ட்ராஸ் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போகுமுன் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சிறிய ஊர்களில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். கணிதத்துடன் தாவரவியலும் உடற்பயிற்சியும் சேர்த்துக் கற்பித்தார். ஆள் இல்லாத பாடத்தையெல்லாம் தலையில் சுமக்கும் எங்கள் பகுதி ஆசிரியர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

விடைத்தாளில் எழுதும் முறையைக் கேட்பவர்களுக்கு: "ச ஆனது 2 இல் தொடர்ச்சியானது" என்ற வரியை, அதற்கான இருபக்க எல்லைகளுடனும் ச(2) உடனும் எழுதியபின்னர்தான் துண்டுகளை வகையிடுங்கள். தொடர்ச்சி இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். பெறுதிகளுக்கு எல்லை கிடைக்காவிட்டால் வித்தியாச ஈவுக்குத் திரும்புங்கள். முதல் தத்துவங்களிலிருந்து, அதாவது வரைவிலக்கணத்திலிருந்து, என்று வினாவே கேட்டிருந்தால் குறுக்குவழியைத் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் கைவந்த மாணவருக்கு ஒரு வினா வைத்திருக்கிறேன். 0 இல் 0 ஆகவும், மற்றெங்கும் ய/2 + ய²·சைன்(1/ய) ஆகவும் உள்ள சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். 0 இல் அதன் பெறுதி 1/2, அதாவது நேர். ஆகவே 0 ஐச் சூழ்ந்த ஏதோவொரு சிறிய ஆயிடையிலாவது சார்பு ஏறிக்கொண்டுதானே இருக்கும் என்று கேட்பேன். பெரும்பாலானோர் ஆம் என்பார்கள். மற்றெங்கும் உள்ள பெறுதியை எழுதிப் பார்த்தால், 0 க்கு எவ்வளவு அருகில் போனாலும் அது 3/2 ஐயும் −1/2 ஐயும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஆயிடை ஒன்றுகூட இல்லை.